ஊருக்கே சொந்தம்

அப்பாவின் வலது கையை வெளியே எடுக்க வேண்டும் என்று முதலாளியின் உதவியாளன் நிஹால் சொன்னபோது இசைவாணிக்கு அது முதலில் விளங்கவில்லை. ஃப்ரீசர் பெட்டியின் மேல் கிடந்த மாலைகளை இரண்டு பேர் எடுத்துக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி கடைசியாக ஒரு தடவை கையைப் பிடித்துப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நிஹால் அம்மாவின் காதருகே குனிந்து சொன்னான். அம்மா அழுதபடியே தலையாட்டினாள். இத்தனை வருஷம் காரோட்டிய மனுஷனின் கையைப் பிடிக்க ஆனந்த்ராஜே நேரில் வந்து நிற்பது அவளுக்குப் பெரிய மரியாதையாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மூடியைத் தூக்கினார்கள். நெஞ்சின் மேல் கோத்து வைத்திருந்த கைகளில் ஜெபமாலை சுற்றியிருந்தது. நிஹால் அதைப் பிரிக்கத் தெரியாமல் இழுத்தான். தையல்கடை ஜக்கம்மாள் நகர்ந்து வந்து, மணி மணியாகப் பிரித்துக் கொடுத்தாள். ஆனந்த்ராஜ் குனிந்து, விறைத்துப்போன அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கண்களை மூடினார். அதைப் பார்த்துப் பெண்கள் இன்னும் உரக்க அழுதார்கள்.

இசைவாணி மட்டும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிஹால் கைக்குட்டையால் அப்பாவின் பெருவிரலைத் துடைத்தான். கைக்குட்டைக்கு அடியில் அப்பாவின் போன் இருந்தது. விரலை அதன்மேல் வைத்து அழுத்தினான். எடுத்தான். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, முகத்தைத் தாழ்த்தி அந்த விரலில் வாயால் ஊதினான். மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஊதுவது போல இரண்டு மூன்று தடவை. திரும்பவும் அழுத்தினான்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

காலையிலிருந்து அப்பாவின் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. சத்தம் தாங்காமல் அம்மாதான் அதை நிஹாலிடம் கொடுத்திருக்கிறாள். இசைவாணி பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய் அவன் முன்னால் கையை நீட்டினாள்.

"போனக் குடுங்க."

நிஹால் ஆனந்த்ராஜைப் பார்த்தான். சுற்றிலும் ஜனம் இருந்தது. அவர் கண்ணைத் திறந்து லேசாகத் தலையசைத்தார். போன் அவள் கைக்கு வந்தது. அப்பாவின் கையை எடுத்து நெஞ்சில் வைத்து, ஜெபமாலையைத் திரும்பச் சுற்றினாள். நிமிர்ந்தபோது ஆனந்த்ராஜின் முகம் வெகு பக்கத்தில் இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து குளிர் வந்துகொண்டிருந்தும் அவருடைய மேலுதட்டில் வேர்வை துளித்திருந்தது. அந்த முகத்தில் துக்கம் இல்லை. பயம் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கும் பயம் பிடித்தது.

இசைவாணியின் அப்பா மரியசெல்வம் அதிகம் பேசாத ஆள். நாகல் நகரில் அவர் கார் துடைக்கிற சத்தத்தில்தான் அந்தத் தெருவுக்கு விடியும் என்பார்கள். ஆனந்த்ராஜுக்கு நூல் மில்லும் கல்யாண மண்டபமும் நத்தம் பக்கம் மாந்தோப்புகளும் இருந்தன. எல்லாவற்றுக்கும் கார் போகும். காரோடு மரியசெல்வம் போவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மண்டபத்தில் ஒரு விழா நடந்தது. ஊர்க்காயின் என்று ஒன்றை அன்றைக்கு அறிமுகப்படுத்தினார்கள். கையில் பிடிக்கிற காசு இல்லை. போனில் மட்டும் இருப்பது. பாங்க் கிடையாது, கவர்மெண்ட் கிடையாது, யாரோ ஒரு முதலாளியின் கையில் இருக்கிற சமாச்சாரம் இல்லை, இது ஊருக்கே சொந்தம் என்று ஆனந்த்ராஜ் மேடையில் பேசினார். வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டார்கள்.

தெருவில் யாரும் மேடைப் பேச்சை நம்பி வாங்கவில்லை. மரியசெல்வத்திடம் வந்து கேட்டுத்தான் வாங்கினார்கள். முதலாளியே போட்டிருக்கிறார், நானும் போட்டிருக்கிறேன் என்று அவர் சொன்னார். சொன்னபோது அதை அவர் நம்பினார். அவருடைய சிநேகிதர் மீரான் தன்னிடம் இருந்த இரண்டு ஆட்டோக்களில் ஒன்றை விற்றுப் போட்டார். ஜக்கம்மாள் தையல்கடையை விரிவாக்கச் சேர்த்து வைத்திருந்ததைப் போட்டாள். விலை ஏறிக்கொண்டே இருந்தது. டீக்கடையில் நின்று போனைப் பார்த்து ஆட்கள் சிரித்துக்கொள்வதை இசைவாணி வேலைக்குப் போகும்போது பார்ப்பாள். அவள் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீசியன். அந்தக் காயினில் அவளுக்கு அக்கறை இல்லை. அப்பாவின் போனில் ஏதோ இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அவள் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா ஏறி வந்தார். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்றார். பிறகு, கார் ஓட்டும்போது பின்சீட்டில் முதலாளிகள் பேசிக் கேட்டதையெல்லாம் சொன்னார். முன்னால் ஒரு டிரைவர் இருப்பதை அவர்கள் எப்போதும் மறந்துவிடுவார்கள். அந்தக் காயினில் அநேகமாக எல்லாமே ஐந்து பேர் கையில் இருந்தது. ஆனந்த்ராஜ், அவருடைய மச்சினர், கோயம்புத்தூர்ப் பணக்காரர்கள் மூன்று பேர். அது வெளியே தெரியாமல் இருக்க, ஆயிரம் பேர் வைத்திருப்பது போலக் காட்ட, டிரைவர், சமையல்காரர், வாட்ச்மேன் என்று வேலைக்காரர்கள் பேரில் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதிலும் பெரிய பங்கு மரியசெல்வத்தின் பேரில், அவருடைய போனில் இருந்தது. கம்ப்யூட்டர் தெரிந்த நிஹாலை ஆனந்த்ராஜ் நம்பவில்லை. ஒன்றும் தெரியாத டிரைவரை நம்பினார். வேண்டும்போது போனைக் கேட்பார். மரியசெல்வம் பெருவிரலை வைத்துத் திறந்து பின்னால் நீட்டுவார்.

"நம்ம தெருவே வச்சிருக்குறது ஒரு பிடிகூட வராது வாணி," என்றார். "அவுகள்ல ஒருத்தரு மொத்தமா வித்தாருன்னா வெல தரையத் தொட்டுரும். அப்பறம் நம்மாளுக விக்கப் போனா வாங்க ஆள் இருக்காது. எனக்கு இம்புட்டு நாளா இது தெரியல."

எல்லாரிடமும் சொல்லிவிடலாமே என்று அவள் கேட்டாள்.

"சொன்னா எல்லாரும் ஒரே நேரத்துல ஓடுவாங்க. மொதல்ல போனவனுக்குத்தான் கெடைக்கும். நா யாருகிட்ட மொதல்ல சொல்லுவேன்? மீரான்கிட்டயா? ஜக்கம்மாகிட்டயா?"

அவர் போனை அவளிடம் கொடுத்தார். தன் விரலுக்கு அது திறக்கக் கூடாது, ஒரு நம்பர் போட்டுவிடு, அந்த நம்பரை எனக்குச் சொல்லாதே என்றார். தெரியாவிட்டால் கேட்டாலும் சொல்ல முடியாது அல்லவா என்று சிரிக்கப் பார்த்தார். மறுநாள் காய்ச்சல் என்று சொல்லி வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. தெருவில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவார். நேற்றுச் சாயங்காலமும் ஒரு கார் வாசலில் நின்றது. எதிர்வீட்டுக்கு யாரோ பெண் பார்க்க வந்தவர்கள். மரியசெல்வம் சாப்பிட்ட தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. மீரானின் ஆட்டோவில்தான் கொண்டுபோனார்கள்.

முதலாளி காரில் இருக்கிறார், செத்த நேரம் வந்துவிட்டுப் போகச் சொல்கிறார் என்று, பெட்டியருகே நின்றிருந்த அவளை நிஹால் வந்து கூப்பிட்டான். வர மாட்டேன் என்று சொல்ல நினைத்தாள். ஆனாலும் கால்கள் அவன் பின்னால் நடந்தன.

கார் தெருமுனையில் நின்றது. டிரைவர் சீட்டில் புது ஆள் இருந்தான். சீட்டின் மேல் அப்பா போட்டு வைத்திருந்த துண்டு அப்படியே கிடந்தது. அவன் அதில் சாய்ந்திருந்தான். அவள் பின்சீட்டில் ஏறியதும் கதவுகள் நான்கும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது. தெருவின் அழுகைச் சத்தம் நின்றுபோனது.

அடக்கச் செலவு முழுக்கத் தன்னுடையது என்று ஆனந்த்ராஜ் தொடங்கினார். மரியசெல்வத்தைப் போல ஓர் ஆள் கிடைக்காது என்றார். பிறகு அவள் மடியில் இருந்த போனைப் பார்த்தார்.

"பாப்பா, நா சுத்தி வளைக்கல. அதுல இருக்குறது என்னோடது. நம்பரப் போட்டுக் குடுத்துட்டீன்னா ஒங்கப்பா பேர்ல இருந்து எடுத்துக்குவேன். அத்தோட ஒங்க வீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

"எனக்கு நம்பர் தெரியாது சார்."

"மகதான் போட்டா, எனக்குத் தெரியாதுன்னு ஒங்கப்பா நேத்துப் போன்ல சொன்னாரு. நம்பாமத்தான் வெரல வச்சுப் பாத்தோம்."

அப்பா எவ்வளவு பயந்து போய் அதைச் சொல்லியிருப்பார் என்று நினைத்தாள். அவர்மேல் கோபம் வரவில்லை.

எடுத்தவுடன் விற்றுவிடுவீர்களா என்று கேட்டாள். ஆனந்த்ராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முன்சீட்டில் இருந்த நிஹால்தான் திரும்பாமலே சொன்னான். கோயம்புத்தூர்க்காரர்கள் இன்றைக்கே விற்கப்போவதாகத் தகவல் வந்திருக்கிறது. அவர்களுக்கு முன்னால் விற்றால்தான் உண்டு. பின்னால் விற்றால் ஒன்றும் இல்லை. அவன் குரல் படிக்கிற பையன் ஒப்பிப்பது போல இருந்தது.

"நீ குடுக்காட்டியும் அது விழத்தான் போகுது," என்றார் ஆனந்த்ராஜ். சத்தம் உயரவில்லை. "விழுந்தப்பறம் ஊர்ல இருக்குறவன் தேடுவான். அம்புட்டும் யாரு பேர்ல இருந்துச்சுன்னு பாப்பான். மரியசெல்வம்னு இருக்கும். என் பேரு எங்கயும் இல்ல பாப்பா. செத்தவர யாரும் கேக்க முடியாது. ஒங்கம்மாவத்தான் கேப்பாங்க. தெனமும் வந்து கேப்பாங்க."

புது டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிக்க நேரம் இல்லை, தூக்குவதற்கு முன்னால் முடித்துவிடலாம் என்றார் அவர். கதவு திறந்தது. அவள் வெயிலில் இறங்கினாள்.

மீரான் தெருவின் மறுமுனையில், தன் ஆட்டோவைக் குறுக்கே நிறுத்தி, வருகிற வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. நேற்றிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. அதே காக்கிச் சட்டை. இசைவாணி அவரை ஆட்டோவின் மறைவுக்குக் கூப்பிட்டாள்.

"மாமா, ஊர்க்காயின இப்பவே வித்துருங்க."

அவர் புரியாமல் பார்த்தார்.

"ஏன்னு கேக்காதீங்க மாமா. இந்த நிமிசமே வித்துருங்க."

"போனக் காலைலயே அமத்தி வண்டி டப்பாக்குள்ள போட்டுட்டேன் தாயி. செல்வத்த மண்ணுல வைக்கிற வரைக்கும் அதத் தொடுறதா இல்ல." அவர் அவள் தலையில் கை வைத்தார். "ஒனக்கு மனசு சரியில்ல. போ, அம்மாகிட்ட உக்காரு. காசப் பத்திப் பேசுற நாளா இது?"

"சொல்றதக் கேளுங்க மாமா."

"ஒங்கப்பன் சொன்னான்னுதான் வாங்குனேன். விக்கிறதுன்னா அவன்தான் சொல்லியிருக்கணும். அவன் சொல்லலையே."

அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தாள். அந்த நேரம் ஜக்கம்மாள் பூக்கூடையோடு ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு வந்து, சவப்பெட்டி வந்துவிட்டதா என்று மீரானிடம் கேட்டாள். அவளுக்குப் பின்னால் பால்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். யாரைப் பார்த்தாலும் அந்தக் காயின் வாங்கியவர்களாகவே இருந்தார்கள். யாரிடம் முதலில் சொல்வது என்று மொட்டைமாடியில் அப்பா கேட்டது நினைவுக்கு வந்தது. எல்லாரிடமும் சத்தம் போட்டுச் சொல்லலாம். சொன்னால் அப்பாவை நடுத்தெருவில் விட்டுவிட்டு அத்தனை பேரும் போனைத் தூக்குவார்கள். உன் அப்பன் பேரிலா இருந்தது என்று கேட்பார்கள். அப்பா இன்னும் ஃப்ரீசர் பெட்டியில்தான் கிடந்தார். அவள் திரும்பி நடந்தாள்.

கோயில் மணி ஒற்றை ஒற்றையாக அடிக்கத் தொடங்கியிருந்தது. பங்குச் சாமியார் வந்துவிட்டார். உடலைச் சவப்பெட்டிக்கு மாற்றும்போது அம்மா எழுந்திருக்க முடியாமல் நாற்காலியிலேயே இருந்தாள். அவளுக்கு வலது பக்கம் ஒருவனும் இடது பக்கம் ஒருவனும் உட்கார்ந்திருந்தார்கள். இசைவாணி அதுவரை பார்த்திராத ஆட்கள். ஒருவன் அம்மாவுக்குத் தண்ணீர் டம்ளரை நீட்டினான்.

"கவலப்படாதீங்கம்மா," என்றான். "முதலாளி அனுப்பியிருக்காரு. இனிமே நாங்க அடிக்கடி வீட்டுக்கு வந்து பாத்துக்குவோம்."

அம்மா அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் இசைவாணியை நிமிர்ந்து பார்த்தான். பார்வையில் மிரட்டல் எதுவும் இல்லை. ரொம்ப நேரம் உட்காரத் தயாராக வந்தவனைப் போல, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

அவள் வீட்டுக்குள் போனாள். அடுப்படியைத் தாண்டிப் பின்பக்கம், தண்ணீர்க் குடங்கள் வைக்கிற சந்தில் போய் நின்றாள். நிஹால் பின்னாலேயே வந்தான். எண்ணை அழுத்தினாள். தப்பாகப் போனது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்ப அழுத்தினாள். திறந்தது. காயினுக்கும் அதே நம்பர்தான் என்றாள். நிஹால் போனை வாங்கிக்கொண்டான்.

"கொஞ்ச நேரம் கழிச்சு விக்கச் சொல்லுங்க தம்பி," என்றாள். "அடக்கம் முடியட்டும். நா எல்லாருகிட்டயும் சொல்லிர்றேன். ஒரு மணி நேரம் குடுக்கச் சொல்லுங்க."

"கேட்டுப் பாக்குறேன் அக்கா," என்றான். "இத வாங்காமப் போயிருந்தா என்னைய என்ன பண்ணியிருப்பாங்கன்னு எனக்கே தெரியாது."

அவன் போன பிறகு அவள் ஒரு குடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வாசலில் பாட்டு ஆரம்பித்தது. அவள் வெளியே வந்தபோது அம்மாவின் இரண்டு பக்கத்து நாற்காலிகளும் காலியாக இருந்தன. தெருமுனையில் கார் பின்னால் எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தூக்குகிற வரைக்கும்கூட அவர்கள் நிற்கவில்லை.

முந்தின நாள் பெய்த மழையில் கல்லறைத் தோட்டம் சேறாகக் கிடந்தது. பெட்டியைக் கயிறு கட்டி இறக்கினார்கள். சாமியார் ஜெபம் சொன்னார். அம்மா முதலில் மண் போட்டாள். பிறகு இசைவாணி போட்டாள். சிவப்பு மண் ஈரமாக, கையில் ஒட்டிக்கொண்டு உடனே விழாமல் இருந்தது. வரிசையாக ஒவ்வொருவராக வந்து போட்டார்கள்.

வரிசையில் நின்ற பால்காரரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவர் அதை எடுக்காமல் மண்ணைப் போட்டுவிட்டு, தள்ளிப் போய் எடுத்துப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். பிறகு வேன்காரரின் போன். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்தவருடையது. யாரும் சத்தம் போடவில்லை. குழியைச் சுற்றி நெருக்கியடித்து நின்ற கூட்டம் ஓரத்திலிருந்து கரையத் தொடங்கியது. ஒருவர் சுற்றுச்சுவர் பக்கம் போனார். ஒருவர் வேறு யாருடைய கல்லறை மேலேயோ உட்கார்ந்தார். ஜக்கம்மாளுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. போனை வேன்காரரிடம் நீட்டி, ஊர்க்காயின் விலை என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சாமியார் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

இசைவாணி அம்மாவின் தோளைப் பிடித்தபடி நின்றாள். சுவரோரம் நின்ற ஒவ்வொருவரும் தலையைத் தூக்கும்போது தன்னைத்தான் பார்க்கப் போகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு. வாசலில் கார் நிற்கிற சத்தத்துக்கு அப்பா எழுந்து உள்ளே போனது போல இனிமேல் தானும் போக வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். அம்மாவின் தோள் அவள் கைக்குள் சின்னதாக இருந்தது.

குழிக்குப் பக்கத்தில் மீரான் மட்டும் இருந்தார். குழி வெட்டிய இரண்டு பேரில் ஒருவனிடமிருந்து மண்வெட்டியை வாங்கி, முழங்கால் வரை சேற்றோடு நின்று அவரே மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். குழி நிரம்பி மேடானதும் குனிந்து, சரிந்து வந்த ஓரங்களைக் கையால் தட்டிச் சரிசெய்தார். எழுந்தவர் சுற்றிலும் பார்த்தார். ஆட்கள் ஏன் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. துக்கம் என்று நினைத்திருக்கலாம்.

அவளிடம் வந்து, அம்மா காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை, இந்தச் சேற்றில் நடக்க முடியாது, வண்டியை உள்ளேயே கொண்டுவருகிறேன் என்றார். அவள் எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் போய்விட்டார்.

ஆட்டோ கல்லறைகளுக்கு நடுவே இருந்த பாதையில் மெதுவாக வந்து நின்றது. இரண்டு பேரும் சேர்ந்து அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தார்கள். சுவரோரத்திலிருந்து ஜக்கம்மாள் கூப்பிட்டாள்.

"பாய், இங்க செத்த வாங்க."

"இவுகள விட்டுட்டு வாரேன்க்கா," என்றார் மீரான்.

வண்டி நகர்ந்தது. முன்னால் அவருடைய பிடரியிலும் காக்கிச் சட்டையின் காலரிலும் சிவப்பு மண் அப்பியிருந்தது. பாதை நெடுகப் பள்ளங்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் வண்டியை நிறுத்தி, ஒரு காலைச் சேற்றில் ஊன்றி, பின்னால் இருப்பவர்களுக்கு அலுங்காமல் பார்த்துப் பார்த்து இறக்கினார்.